நலமாக இருக்கும் நாள்கள்

மெல்போர்ன் நகரத்தின் புறப்பகுதியான பண்டூராவில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான மனநல மருத்துவமனை ஒன்று இருந்தது. 1948-ல் அங்கிருந்த 51 வயது நோயாளி ஒருவரைப் பற்றி மனநல மருத்துவம் இன்றும் பேசுகிறது. அவருடைய மருத்துவர் எழுதிய கட்டுரையில் டபிள்யூ.பி. என்ற இரண்டு எழுத்துகள்தான் அவருடைய பெயர். ஐந்து ஆண்டுகளாக அவருக்கு ஓயாத மனவெழுச்சி. ஓரிடத்தில் உட்காரமாட்டார். குளிக்கமாட்டார். கையில் கிடைத்ததை உடைப்பார். வார்டில் இருக்கும் அத்தனை பேர் விஷயத்திலும் தலையிடுவார். அவருடைய மிச்ச வாழ்க்கை அந்த வார்டிலேயே கழியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு மார்ச் 29 அன்று மருத்துவர் ஜான் கேட் அவருக்கு லித்தியம் உப்பைக் கொடுக்கத் தொடங்கினார். சில நாள்களில் நோயாளி சற்று அடங்கினார். மூன்று வாரங்களில், தேறிவருபவர்களுக்கான வார்டுக்கு மாற்றும் அளவுக்குத் தெளிந்தார். ஜூலை 9 அன்று மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பழைய வேலையில் மறுபடி சேர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோயைப் புரிந்துகொள்ள அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியவேண்டும். அதற்கு முன் அவருக்கு இருந்த நோயைப் பார்த்துவிடுவோம்.

இன்று அதைப் பைபோலார் என்கிறார்கள். தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று எழுதுகிறோம். காலையில் சிரித்து மாலையில் சிடுசிடுக்கிறவரை ‘அவன் ஒரு பைபோலார்’ என்று சொல்லும் வழக்கம் அண்மையில் பரவியிருக்கிறது. அது இந்த நோயோடு வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். இந்த நோயில் மனநிலை மணிக்கணக்கில் மாறுவதில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஒரே நிலை நீடிக்கும். அந்த நாள்களில் அவர் தாமாகவே இருக்கமாட்டார். வீட்டில் உள்ளவர்கள் ‘இது அவர் இல்லையே’ என்று சொல்வது மருத்துவ ரீதியாகவும் சரியான கவனிப்பு.

மேனியா என்னும் மனவெழுச்சி வரப்போகிறது என்பது பெரும்பாலும் முதலில் தூக்கத்தில் தெரியும். தூக்கம் வரவில்லையே என்று புரண்டு புலம்புவது வேறு. மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே தேவைப்படாது. இரவு இரண்டு மணிக்குப் படுப்பார். நான்கு மணிக்கு எழுந்து வீட்டைக் கழுவிவிட்டு, விடிவதற்குள் பத்துப் பேருக்கு போன் போட்டிருப்பார். களைப்பு என்பதே முகத்தில் இருக்காது. பேச்சில் வேகம் கூடும். இடையில் நாம் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. ஓர் எண்ணம் முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். நேற்றுவரை மளிகைக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாவட்டம் முழுக்கக் கிளை திறக்கப்போவதாகச் சொல்வார். சொல்வதோடு நிற்காமல் நகையை அடகுவைத்து, கட்டடத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வருவார். முன்பின் தெரியாதவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார். பாலியல் நடத்தையில் கட்டுப்பாடு தளரும். யாராவது தடுத்தால் கோபம் பொங்கும். மேனியா என்றால் அளவு கடந்த மகிழ்ச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மகிழ்ச்சியே எட்டிப் பார்க்காமல் எரிச்சலும் சண்டையுமாகவே கழியும் மேனியாவும் உண்டு.

முற்றினால், இல்லாத குரல்கள் கேட்கும். தன்னிடம் தெய்வீக சக்தி இறங்கியிருக்கிறது என்ற அசைக்க முடியாத நம்பிக்கை வரும். சாமி வந்திருக்கிறது என்றோ யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றோ குடும்பம் முடிவுகட்டி வேறு திசையில் ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் மாதங்கள் போகும். அடக்க முடியாதவரைச் சங்கிலியால் பிணைக்கும் கொடுமையும் இந்த வழியில்தான் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம்.

இந்த மாற்றங்கள் ஒரு வாரமாவது நீடித்து வேலையையும் உறவையும் குலைத்தால் மருத்துவர்கள் அதை மேனியா என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போய்விட்டால் ஒரு வாரம் என்ற கணக்குகூடத் தேவையில்லை. இதைவிட மிதமான நிலை ஹைப்போமேனியா. நான்கு நாள்களாவது இருக்கும். கூட இருப்பவர்களுக்கு மாற்றம் தெரியும், ஆனால் அன்றாட வாழ்க்கை சிதறியிருக்காது. மேனியா ஒருமுறை வந்தாலே முதல் வகைப் பைபோலார். மேனியா ஒருபோதும் வராமல் ஹைப்போமேனியாவும் கடும் மனச்சோர்வும் வந்துபோனால் இரண்டாம் வகை.

ஹைப்போமேனியாவுக்காக யாரும் மருத்துவரிடம் போவதில்லை. போவதற்கு என்ன காரணம் இருக்கிறது? எப்போதும் முடங்கிக் கிடந்த மகன் திடீரென்று கலகலப்பாகிவிட்டான், இரவு பகல் பாராமல் உழைக்கிறான் என்று வீடே பூரிக்கும். இதனால்தான் இரண்டாம் வகையை லேசானது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் எழுச்சி லேசானதாக இருக்கலாம். சோர்வு லேசானதல்ல.

சோர்வைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த நோயின் பெரும்பகுதி அதுதான். முதல் வகை நோயாளிகள் 146 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாரவாரமாகக் கணக்கெடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி வாரங்களில் நோயின் அறிகுறி ஏதாவது இருந்தது. மொத்த வாரங்களில் 32 சதவீதம் மனச்சோர்வில் கழிந்திருந்தன. மனவெழுச்சியில் கழிந்தவை 9 சதவீதம்தான். சினிமா நமக்குக் காட்டுவது அந்த ஒன்பதை மட்டும். அந்த முப்பத்திரண்டில் ஒருவர் படுக்கையை விட்டு எழமுடியாமல், பிடித்த பாட்டும் பிடிக்காமல், தம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் எதுவும் தோன்றாமல், தாம் யாருக்கும் பயன்படாத சுமை என்று நம்பிக்கொண்டு கிடக்கிறார். மேனியாவில் செலவழித்த பணத்துக்கும் உடைத்த உறவுக்கும் அவர் கணக்குப் பார்ப்பது இந்த நாள்களில்தான்.

ஆக, பெரும்பாலானவர்கள் மருத்துவரிடம் முதன்முதலாக வருவது சோர்வோடு. சோர்வை மட்டும் பார்த்தால் அது சாதாரண மனச்சோர்வு நோய் போலவே இருக்கும். அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவைத் தூண்டிவிடும். மனநல மருத்துவர் ‘முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்த நாள்கள் உண்டா?’ என்று துருவிக் கேட்பது இதற்காகத்தான். சோர்வில் கிடப்பவருக்கு அந்த நாள்கள் நினைவுக்கு வராது, வந்தாலும் அவற்றை நோயாகச் சொல்லத் தோன்றாது. கூட வரும் அம்மாவோ மனைவியோ தம்பியோதான் சொல்லவேண்டும். தனியாகப் போகிற நோயாளியின் நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட ஆண்டுகள் ஆகிவிடுவது இதனால்தான்.

எழுச்சியும் சோர்வும் ஒன்றாகக் கலந்து வரும் நிலையும் இருக்கிறது. மனம் இருண்டிருக்கும், உடலில் மட்டும் வேகம் இருக்கும். தற்கொலை அபாயம் மிக அதிகமாக இருக்கும் நிலைகளில் இது ஒன்று. தூங்காமல், படபடத்துக்கொண்டு, நம்பிக்கையற்ற பேச்சுப் பேசுகிற ஒருவரை அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இது ஏன் வருகிறது? பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரும் இந்த நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றை ஒட்டியது. இதைத் திருப்பியும் படிக்கவேண்டும்: அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வராது. ஒரே ஒரு மரபணுவின் வேலையும் அல்ல இது, சிறுசிறு பங்களிக்கும் மரபணுக்கள் ஏராளம். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. உடலின் உள்கடிகாரம் இதில் முக்கியமானது. இரவுப் பணி, தொலைதூரப் பயணம், பரீட்சைக்காகக் கண்விழிப்பது என்று தூக்கத்தைக் கலைக்கும் எதுவும் மேனியாவைத் தொடக்கிவிடக்கூடும். குழந்தை பெற்ற பின் வரும் வாரங்கள் பெண்களுக்கு மிக ஆபத்தானவை.

நம் ஊரில் இதோடு கல்யாணமும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனை ஒருபக்கம். மாத்திரையைச் சம்பந்தி வீட்டார் பார்த்துவிடக்கூடாது என்று மருந்தை நிறுத்தச் சொல்வது இன்னொரு பக்கம். ஒரு வாரம் தூக்கமில்லாத கல்யாண வீடு, புது ஊர், புது மனிதர்கள், மருந்தும் இல்லை. நோய் திரும்பி வருவதற்கு வேறென்ன வேண்டும்? பிறகு ‘மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்’ என்ற பழியும், நோயாளி பெண்ணாக இருந்தால், அவர்மீதே விழும்.

நலமாக இருக்கும் இடைவெளியை எப்படிப் பார்ப்பது என்பதில் மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே வேறுபட்டிருக்கிறார்கள். 1854-ல் பாரிஸில் ழூல் பையார்ஜே, ழான் பியர் ஃபால்ரே என்ற இருவரும், எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று தனித்தனியே சொல்லிக்கொண்டு, யார் முதலில் சொன்னது என்று மோதிக்கொண்டார்கள். யார் முந்தி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வேறுபாடு. ஃபால்ரே தம் வரையறையில் எழுச்சி, சோர்வு இவற்றோடு, இடையில் தெளிந்திருக்கும் காலத்தையும் நோயின் சுற்றுக்குள் சேர்த்துவைத்தார். 1899-ல் ஜெர்மனியின் எமில் கிரேப்பெலின், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த குறிப்புகளைக் கொண்டு, மனச்சிதைவிலிருந்து இந்த நோயைப் பிரித்துக்காட்டினார். காலப்போக்கில் அறிவு சிதைந்துபோகாமல், அலைகளுக்கு நடுவே மனிதர் தம் இயல்புக்குத் திரும்புகிறார் என்பது அவர் கண்ட முக்கிய அடையாளம். எவ்வளவு ஆறுதலான செய்தி! அதே செய்திதான் பொறியும். இயல்புக்குத் திரும்பியவர், நோய் போய்விட்டது என்று நம்பாமல் இருப்பது எப்படி?

டபிள்யூ.பி.யும் அப்படித்தான் நம்பியிருக்கவேண்டும். வீட்டுக்குப் போன சில மாதங்களில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். மேனியா திரும்பியது. ஆறு மாதத்தில் மறுபடி பண்டூராவுக்கே வந்து சேர்ந்தார். லித்தியம் மறுபடி கொடுத்ததும் மறுபடி தெளிந்தார். ஆனால் அந்த உப்பு அவர் உடலில் நஞ்சாகச் சேரவும் தொடங்கியிருந்தது. நிறுத்தினால் மேனியா, கொடுத்தால் நஞ்சு என்று அவரும் மருத்துவரும் அல்லாடினார்கள். 1950 மே மாதம் லித்தியம் நச்சேற்றத்தில் அவர் இறந்தார். கேட் கொடுத்த லித்தியத்தால் முதலில் மீண்டவரும் அவரே, அதனால் மாண்டவரும் அவரே.

கேட் இந்த மருந்தைக் கண்டுபிடித்த விதமே விசித்திரமானது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கி முகாமில் மூன்று ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்தவர் அவர். மனநோய்க்கு உடலில் வேர் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். ஏதோ ஒரு பொருள் உடலில் மிகுவதால்தான் மேனியா வருகிறது, அது சிறுநீரில் வெளியேறும் என்பது அவருடைய ஊகம். பழைய சமையற்கட்டுச் சரக்கறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியால் செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க நினைத்தார். அது தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் லித்தியம் யூரேட்டைப் பயன்படுத்தினார். விலங்குகள் அடங்கிவிட்டன. லித்தியம் கார்பனேட்டை மட்டும் கொடுத்தும் அடங்கின. மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடந்தன. தமக்கே கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் நோயாளிகளிடம் போனார். அந்தக் கினிப் பன்றிகள் நச்சேற்றத்தால்தான் சோர்ந்து கிடந்தன என்று பின்னால் பலர் சொன்னார்கள். ஊகம் தவறு, விலங்குச் சோதனையின் பொருளும் தவறாக இருக்கலாம். மருந்து மட்டும் உண்மையாக இருந்தது. மேனியா நோயாளிகள் பத்துப் பேரின் கதையோடு அவர் கட்டுரை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது.

நேரம் மிக மோசம். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கவேண்டிய இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்று, சிலர் இறந்து, அது தடைசெய்யப்பட்டது. காப்புரிமை பெற முடியாத சாதாரண உப்பு என்பதால் எந்த மருந்து நிறுவனத்துக்கும் அக்கறை இல்லை. மெல்போர்னில் எட்வர்ட் டிராட்னரும் உடன் இருந்தவர்களும் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுக்கும் முறையை வகுத்தார்கள். டபிள்யூ.பி.யைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த அளவீடுதான்.

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ இதைக் கையிலெடுத்தார். அவருடைய சொந்தச் சகோதரருக்கே மீண்டும் மீண்டும் மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. லித்தியம் வந்த மேனியாவை அடக்குவது மட்டுமல்ல, அடுத்து வருவதையும் தடுக்கிறது என்றார் அவர். 1968-ல் லண்டன் ஆய்வாளர்கள் இருவர் இதை வெறும் கட்டுக்கதை என்று எழுதினார்கள். ஷோவும் பால் பாஸ்ட்ரூப்பும் 1970-ல் பதில் தந்தார்கள். லித்தியத்தால் நலமாக இருந்த 84 பேரில் ஒரு பகுதியினருக்கு, யாருக்கு எது என்று தெரியாத முறையில், மருந்தற்ற வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் வெற்று மாத்திரை பெற்ற 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்ற 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அத்தனை பேரும் நலமாக இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த எண்களைப் படிக்கக்கூடாது. அந்த நலம் மருந்தினுடையது.

லித்தியம் மூளைக்குள் என்ன செய்கிறது என்பது இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அது தடுக்கிறது, உடலின் கடிகாரத்தைச் சற்று மெதுவாக்குகிறது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு நிகரான சான்றுள்ள மனநிலை மருந்து வேறில்லை. விலையும் குறைவு. தேவைப்படுவது கண்காணிப்பு. கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால், தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பது பலருக்கும் ஏற்ற அளவு. 1.5-ஐத் தாண்டினால் நச்சேற்ற அபாயம். பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இவ்வளவு குறுகலான இடைவெளிதான். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளவேண்டும். லேசான கை நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் போவது சிலருக்கு உண்டு.

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் போலவே நடத்துகிறது. உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சோடியத்தைப் பிடித்துவைப்பதாக எண்ணி லித்தியத்தையும் பிடித்துவைத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்கிறவர்கள், வயிற்றுப்போக்கு வந்தவர்கள், பாதயாத்திரையோ நோன்போ இருக்க நினைக்கிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியாகவேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றிவிடும். வாந்தி, பெரிய நடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எல்லோருக்கும் லித்தியம் ஒத்துவராது. வால்புரோயேட் இருக்கிறது. ஆனால் கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதை எளிதாக எழுதிவிடக்கூடாது. சோர்வே அதிகம் வருபவர்களுக்கு லாமோட்ரிஜின் உதவும், தோலில் ஆபத்தான தடிப்பு வராமலிருக்க மிக மெதுவாக ஏற்றவேண்டும். குயிட்டியாபின், ஓலன்சாபின் போன்றவை உண்டு. உயிருக்கு ஆபத்தான சோர்விலும் அடங்காத மேனியாவிலும் மின்னதிர்வு சிகிச்சை விரைவாகக் காப்பாற்றுகிறது. இன்று அதை மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யவேண்டும் என்பது சட்டம். மருந்தோடு, தூங்கி எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது.

இவ்வளவும் தெரிந்தவர்கூட மருந்தை நிறுத்துகிறார். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பாடநூலை இணைந்து எழுதிய உளவியலாளர். தமக்கே இந்த நோய் இருப்பதை 1995-ல் வந்த நூலில் வெளிப்படையாகச் சொன்னார். லித்தியத்தைப் பலமுறை விட்டதையும், மேனியாவின் வேகத்துக்கு ஏங்கியதையும், சாவின் விளிம்புவரை போய் மீண்டதையும் எழுதினார். அவருக்கே அப்படியென்றால், மாத்திரையை நிறுத்திய நோயாளியைத் திட்டுவதில் என்ன நியாயம்? ‘நிறுத்தணும்னு தோணுதா, ஏன் தோணுது?’ என்று கேட்பவரிடம்தான் அவர் உண்மை பேசுவார். நடுக்கம் பிடிக்கவில்லையா, எடை கூடிவிட்டதா, சிந்தனை மந்தமாகிவிட்டதாகப் படுகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்கும். திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் சிகிச்சையில் இல்லை என்று அது கண்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் சிகிச்சை இலவசம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நலமாக இருக்கும் நாள்களில் செய்துவைக்கக்கூடிய ஒன்றை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. தமக்கு நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தரவேண்டும், எப்படித் தரக்கூடாது என்று வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். நெருக்கடி நேர அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. இதோடு வீட்டுக்குள்ளேயே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவையும் இருக்கின்றன. எத்தனை இரவு தூக்கம் குறைந்தால் மருத்துவருக்கு போன் செய்வது, செக் புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் யாரிடம் ஒப்படைப்பது, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளை அந்த வாரம் யார் பார்த்துக்கொள்வது. நோயாளி தம் கைப்பட எழுதி, அக்காவோ கணவரோ நண்பரோ படித்துச் சம்மதித்து, ஒரு நகலை மருத்துவரின் கோப்பில் வைக்கச் சொல்லவேண்டும்.